கிளிநொச்சியைப் பிரித்த கோடு

1956 நவம்பர் 1ஆம் திகதி இந்தியாவில் கன்னடம் பேசும் ஊர்கள் ஒன்றாகி, விரிந்த மைசூர் மாநிலமாயின. 1973இல் அதற்குக் கர்நாடகம் என்று பெயர் வந்தது. அதே 1956இல் இலங்கை நாடாளுமன்றம் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் போட்டது. மக்களின் மொழியைப் பார்த்து எல்லை வகுக்கும் காலம் இங்கே வரவேயில்லை. வடக்கின் வன்னிக்குக் கிடைத்தவை மாவட்ட நிர்வாகத்தின் கச்சேரிக் கோடுகள். அவற்றில் ஒன்றின் கதை இது.

சுதந்திரம் வந்தபோது வட மாகாணத்தில் மூன்றே மாவட்டங்கள்: யாழ்ப்பாணம், மன்னார், வவுனியா. ஆனையிறவுக்குத் தெற்கே பரந்தன், கிளிநொச்சி, பூநகரி எல்லாம் யாழ்ப்பாணத்துக்குள் கிடந்தன. இரணைமடுக் குளத்தின் கீழே காடு வெட்டி வயலாக்கிய கமக்காரருக்குக் கச்சேரி இருந்தது கடல்நீரேரிக்கு அப்பால், அறுபது கிலோமீற்றருக்கு மேல். 1978இல் முல்லைத்தீவு தனி மாவட்டமானது, 1984இல் கிளிநொச்சி. கரைச்சி, கண்டாவளை, பூநகரி, பச்சிலைப்பள்ளி என்று நான்கு பிரிவுகள். கோடு ஆனையிறவோடு நிற்கவில்லை. குடாநாட்டுக்குள் ஏறி, பளையையும் முகமாலையையும் கிளிநொச்சிப் பக்கம் சேர்த்துக்கொண்டது.

பின்னாளில் முகமாலையில் வேறொரு கோடு வந்தது. 2002 போர்நிறுத்தத்தில் ஏ9 வீதி திறந்ததும் வடக்கே முகமாலையிலும் தெற்கே ஓமந்தையிலும் சோதனைச் சாவடிகள். பஸ்ஸை விட்டு இறங்கி, பொதிகளை அவிழ்த்துக் காட்டி, அடையாள அட்டையை நீட்டி, நடந்து கடந்து, மற்றப் பக்கத்தில் மறுபடி அதே சோதனை. 2006 ஓகஸ்டில் முகமாலைப் பாதை அடைபட்டது. வரைபடத்தில் இருந்த மாவட்ட எல்லையை விட இந்தக் கோடுதான் சனத்தின் வாழ்க்கையை அறுத்தது.

போர் முடிந்து மாவட்டக் கோடு மிஞ்சியது, அதுவும் அரைகுறையாக. 2013 மாகாண சபைத் தேர்தலில் கிளிநொச்சி தன் நான்கு உறுப்பினரைத் தானே தெரிவுசெய்தது. நாடாளுமன்றத் தேர்தலிலோ அந்த வாக்குகள் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் கலந்துவிடுகின்றன. முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மூன்றும் சேர்ந்தது வன்னித் தேர்தல் மாவட்டம். கிளிநொச்சிக்கு அதிலும் இடமில்லை.

இது வெறும் கணக்குப் பிரச்சினை அல்ல. இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுபோகும் திட்டம் வந்தபோது கிளிநொச்சிக் கமக்காரர் தங்கள் சிறுபோகத்தை நினைத்து எதிர்த்தார்கள். யாழ்ப்பாணத்துத் தாகமும் பொய்யில்லை. ஆனால் இரு தரப்பின் வாக்கும் ஒரே பட்டியலில் விழும்போது, தொகையில் சிறிய கிளிநொச்சியின் குரலே முதலில் அமுங்கும். நாடாளுமன்றத்திலும் அதற்குத் தனி ஆசனங்கள் வேண்டும்.