நாயைப் பழக்கும் கலையும் போட்டிக் களமும்



"அடியாத மாடு படியாது" என்று நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். மாட்டுக்குச் சொன்னதை நாய்க்கும் பொருத்திக்கொண்டவர்கள் நம்மிடையே பலர். போதாக்குறைக்கு, நாய் வாலை நிமிர்த்த முடியாது என்ற பேச்சும் உண்டு. ஆக, ஒன்று அடித்து அடக்க வேண்டும். இல்லையென்றால் அதன் போக்கில் விட்டுவிட வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு கலை வளர்ந்திருக்கிறது. ஆட்டு மந்தை மேய்ந்த மலைச்சரிவுகளிலும், நடுவர்கள் புள்ளி போட்ட மைதானங்களிலும் வளர்ந்த கலை அது. அதன் வரலாற்றைத்தான் இன்று பேசப்போகிறோம்.

நாய்க்கும் நமக்கும் புதிதாக என்ன பேச்சு என்று நேயர்கள் கேட்கலாம். லயத்து வீட்டு நாய் தானாக வளர்ந்தது. விடியற்காலையில் பிரட்டுக்குப் போகிறவர்களுக்குப் பின்னால் போகும். வெயில் ஏறினால் திண்ணையடியில் படுக்கும். அதற்குப் பயிற்சியாளர் தேவைப்படவில்லை. ஆனால் தோட்டத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்குக் குடிவந்த குடும்பங்களுக்கு அப்படி இல்லை. நாய் நாள் முழுவதும் இரும்புக் கதவுக்குப் பின்னால் சங்கிலியில் கிடக்கிறது. அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பார்த்துப் பாய்கிறது. தபால்காரரைக் கடிக்கப் போகிறது. அப்போது யாராவது ஒருவர் வருவார். "என்னிடம் விடுங்கள், ஒரு மாதத்தில் பழக்கித் தருகிறேன், இத்தனை வெள்ளி" என்பார். அவர் கெட்டிக்காரரா, வெறும் பேச்சுக்காரரா? நாயை எப்படி நடத்துவார்? திரும்பி வந்த நாய் வாயைத் திறந்து சொல்லப் போவதில்லை. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலுங்கூட, நாய்ப் பயிற்சியாளர் என்று பலகை மாட்டிக்கொள்வதற்கு அரசாங்க உரிமம் எதுவும் கட்டாயமில்லை. அப்படியானால் ஒருவருடைய திறமைக்கு எதைச் சாட்சியாக எடுத்துக்கொள்வது? இந்தக் கேள்விக்குப் பழைய பதில் ஒன்று உண்டு. பத்துப் பேர் முன்னிலையில் நாயை வேலை செய்ய வைத்துக் காட்டுவதே அது.

1873ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள். வேல்ஸ் நாட்டில் பாலா என்ற சிற்றூர். அந்தப் பகுதியின் நிலக்கிழாராக இருந்த ரிச்சர்டு ஜான் லாயிட் பிரைஸ் என்பவர் ஆட்டு மேய்ப்பு நாய்களுக்கு ஒரு போட்டி வைத்தார். பிரிட்டனில் முறையாகப் பதிவாகியுள்ள முதல் மேய்ப்பு நாய்ப் போட்டி இதுவே. பத்து நாய்கள் கலந்துகொண்டன. முதற்பரிசு ஜேம்ஸ் தாம்சன் என்பவருடைய டுவீட் என்ற சிறிய நாய்க்குக் கிடைத்தது. தாம்சன் வேல்ஸில் குடியிருந்த ஸ்காட்லாந்துக்காரர். உள்ளூர்க்காரர்கள் நிறைந்த களத்தில் வெளியூர்க்காரர் பரிசைத் தட்டிக்கொண்டு போனது எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்! அதே 1873இல்தான் லண்டனில் கெனல் கிளப் என்ற நாய் வளர்ப்போர் சங்கமும் தோன்றியது. அந்தக் காலத்து நாய்க் கண்காட்சிகளில் காதின் வடிவத்துக்கும் மயிரின் நிறத்துக்கும் பரிசு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பாலாவில் பரிசு வேலைக்குக் கிடைத்தது. இந்த வேறுபாட்டை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் போட்டிகள் வளர்ந்து, இன்று எப்படி நடக்கின்றன என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மேய்ப்பர் ஒரு கம்பத்தருகே நிற்பார். சில நூறு மீட்டருக்கு அப்பால், மலைச்சரிவில், சில ஆடுகள் நிற்கும். சீழ்க்கை ஒலி கேட்டதும் நாய் நேராக ஓடாது. பேரிக்காய் வடிவில் வளைந்து ஓடி, ஆடுகளுக்குப் பின்புறம் போய் நிற்கும். நேராக ஓடினால் ஆடுகள் மிரண்டு சிதறிவிடும் அல்லவா? பிறகு அவற்றை மெல்ல நகர்த்தி, நட்டு வைத்த தட்டிகளுக்கு இடையே ஓட்டிக்கொண்டு வர வேண்டும். மந்தையிலிருந்து சொன்ன ஆடுகளைப் பிரித்துக் காட்ட வேண்டும். கடைசியில் சிறு பட்டிக்குள் அடைக்க வேண்டும். பட்டியின் கதவில் கட்டிய கயிற்றை மேய்ப்பர் ஒரு கையில் பிடித்திருப்பார். கயிற்றை விடக்கூடாது, ஆட்டைக் கையால் தொடக்கூடாது. ஒவ்வொரு பிழைக்கும் நடுவர் புள்ளியைக் குறைத்துக்கொண்டே வருவார்.

எசமானின் கைக்கும் நாய்க்கும் இடையே உள்ள தூரத்தைப் பாருங்கள். பிரம்பு எட்டாத தூரம் அது. வீட்டில் அடித்து மிரட்டி வைத்திருந்த நாய், அத்தனை தொலைவில், கட்டவிழ்த்து விட்ட நிலையில், அடிக்குப் பயந்து மட்டும் வேலை செய்யாது. தான் கற்றதையும், எசமான்மீது கொண்ட நம்பிக்கையையும் வைத்துத்தான் வேலை செய்யும். எனவே களத்தில் ஓடுவது நாயாக இருந்தாலும், பார்வையாளர் முன்னால் சோதிக்கப்படுகிறவர் அதன் எசமானே.

1906இல் ஸ்காட்லாந்தின் ஹாடிங்டன் நகரில் சர்வதேச மேய்ப்பு நாய்ச் சங்கம் அமைந்தது. அதற்கு முன்பே, 1893இல், இங்கிலாந்தின் வட எல்லையான நார்தம்பர்லாந்தில் ஆதம் டெல்ஃபர் என்ற மேய்ப்பரிடம் ஒரு நாய் பிறந்திருந்தது. அதன் பெயர் ஹெம்ப். குரைக்காமல், கடிக்காமல், கண் பார்வையாலேயே ஆடுகளை நகர்த்திய நாய் என்று அதைப் பற்றிச் சொல்வார்கள். அதன் தந்தை ராய் வெளிப்படையான சுபாவமுடையது. தாய் மெக் கூச்சமும் கூர்ந்த பார்வையும் உடையது. இரண்டின் குணமும் அளவாகக் கலந்து ஹெம்ப் பிறந்தது. இன்றைய பார்டர் கோலி இனத்து நாய்களின் வம்சாவளியைப் பின்னோக்கிப் பார்த்தால், மிகப் பெரும்பாலானவை இந்த ஒரு நாயிடம் போய் நிற்கும். இப்படிப்பட்ட நாயைக் கொண்டு ஒருவர் பரிசு வாங்கினால், புகழில் எத்தனை பங்கு மனிதருக்கு, எத்தனை பங்கு நாய்க்கு? கோப்பையைக் காட்டும் எந்தப் பயிற்சியாளரிடமும் இந்தக் கேள்வியை எழுப்பலாம்.

ஜெர்மனிக்கு வருவோம். நாம் அல்சேஷன் என்று அழைக்கும் நாயின் கதை அங்கே தொடங்குகிறது. மாக்ஸ் வான் ஸ்டெஃபானிட்ஸ் என்ற குதிரைப்படை அதிகாரி 1899இல் ஒரு கண்காட்சியில் ஒரு மேய்ப்பு நாயைக் கண்டு வாங்கினார். அதே ஆண்டில் ஜெர்மன் மேய்ப்பு நாய்களுக்கென்று சங்கத்தையும் தொடங்கினார். வெறும் அழகுக்காக வளர்த்தால் இனம் கெட்டுப்போகும் என்பது அவருடைய உறுதியான எண்ணம். 1901இல் அந்தச் சங்கம் ஒரு தேர்வை நடத்தியது. மோப்பம் பிடித்துத் தடம் காணுதல், சொன்ன சொல் கேட்டல், எசமானைக் காத்தல் ஆகிய மூன்றும் அதன் உறுப்புகளாக அமைந்தன. ஷூட்ஸ்ஹுண்ட் என்று பெயர் பெற்ற இத்தேர்வு, பெயரும் விதியும் மாறி, இன்றும் உலகின் பல நாடுகளில் போட்டியாக நடக்கிறது. இதில் நேயர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. காவல் பிரிவில் நாய் பாய்ந்து பிடிப்பது மட்டும் போதாது. "விடு" என்ற சொல் கேட்ட மாத்திரத்தில் பிடியை விட வேண்டும். விடாவிட்டால் புள்ளி போகும். கடிக்க மட்டும் பழக்கிக் கொடுத்துவிட்டு, காவல் நாய் தயார் என்று பணம் வாங்குகிறவர் பாதி வேலையைத்தான் செய்திருக்கிறார். மீதிப் பாதிதான் கடினமானது.

அதே நாட்டில் கொன்ராட் மோஸ்ட் என்ற காவல்துறை அதிகாரி 1910இல் நாய்ப் பயிற்சி நூல் ஒன்றை வெளியிட்டார். நாய் மனிதரைப் போல் சிந்தித்துச் செய்வதில்லை, செயலுக்குப் பின் உடனே கிடைக்கும் பலனைக் கொண்டே கற்கிறது என்ற கருத்தை அவர் தெளிவாக எழுதினார். அது பெரிய அறிவு. ஆனால் முள் வைத்த கழுத்துப் பட்டையும் பிரம்பும் அவருடைய முறையில் இடம் பெற்றிருந்தன. போர்க்காலத்தில் ஆயிரக்கணக்கான நாய்களை விரைவாகப் பழக்க வேண்டிய தேவையும் சேர்ந்தது. முரட்டுக் கை, உரத்த கட்டளை, இழுத்து இறுக்கும் சங்கிலி ஆகியவை இராணுவ முகாமிலிருந்து வீட்டு முற்றத்துக்கு வந்து சேர்ந்தன. நம் பக்கத்திலும் நாய்ப் பயிற்சி என்றால் பலருக்கு இந்தக் காட்சிதான் நினைவுக்கு வருகிறது.

ஒரு பெண்மணி இதைச் சற்றே திசை திருப்பினார். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஹெலன் வைட்ஹவுஸ் வாக்கர் என்பவர் பூடில் நாய்கள் வளர்த்து வந்தார். சுருள்மயிரைக் கத்தரித்து அலங்காரம் செய்யும் அந்த நாயைப் பலர் பொம்மை என்று ஏளனம் செய்தார்கள். அது புத்தியுள்ள நாய் என்று காட்ட விரும்பிய அவர், 1933 அக்டோபரில் மவுண்ட் கிஸ்கோ என்ற ஊரில் கீழ்ப்படிதல் போட்டி ஒன்றை நடத்தினார். வந்தவை 8 நாய்கள். 1936இல் அமெரிக்கக் கெனல் கிளப் அதற்கு விதிகளை ஏற்றுக்கொண்டது. 1937இல் அவரும் அவருடன் பணியாற்றிய பிளான்ச் சாண்டர்ஸ் என்பவரும் காரின் பின்னால் ஒரு வண்டி வீட்டைக் கட்டிக்கொண்டு, பூடில்களோடு சுமார் 10,000 மைல் சுற்றி ஊர் ஊராகச் செய்து காட்டினார்கள். சாதாரணக் குடும்பத்தாரும் தம் நாய்க்குத் தாமே கற்றுக்கொடுக்கலாம் என்ற எண்ணம் அமெரிக்காவில் பரவியதற்கு இந்தப் பயணம் ஒரு முக்கியக் காரணம். எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

அடுத்த மாற்றம் விஞ்ஞானக் கூடத்திலிருந்து வந்தது. உளவியல் அறிஞர் பி. எஃப். ஸ்கின்னரிடம் பயின்ற கெல்லர் பிரீலாண்ட், மரியன் பிரீலாண்ட் தம்பதியர் 1947இல் மிருகங்களைப் பழக்கும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினர். கோழி முதல் பன்றி வரை அடியில்லாமல் பழக்கினர். மிருகம் சரியாகச் செய்த அந்தக் கணத்தில் ஓர் ஒலி, உடனே தீனி. இதுதான் அடிப்படை. அழுத்தினால் "டிக்" என்று சத்தமிடும் சிறு தகரப் பொம்மையே அந்த ஒலிக்குப் போதும் என்று 1951இல் ஸ்கின்னர் எழுதினார். டால்பின்களைப் பழக்கிய கேரன் பிரையர் 1984இல் வெளியிட்ட நூல் இம்முறையை நாய் வளர்ப்போரிடம் கொண்டு சேர்த்தது. சவுக்கால் டால்பினை அடிக்கப் பார்த்தால் அது நீந்திப் போய்விடும்! அதனால் அங்கே வேறு வழி காண வேண்டியிருந்தது.

போட்டிக் களமும் இதற்கு இடம் கொடுத்தது. 1978இல் லண்டனில் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் இடைவேளையை நிரப்புவதற்காக ஜான் வார்லி, பீட்டர் மீன்வெல் என்பவர்கள் குதிரை தாண்டும் பந்தயத்தைப் பார்த்து ஒரு விளையாட்டை அமைத்தார்கள். நாய் தடைகளைத் தாண்டி, குழாய்க்குள் புகுந்து, பலகை ஏறி ஓட வேண்டும். அஜிலிட்டி என்ற பெயரில் அது உலகெங்கும் பரவியது. அங்கே வார் இல்லை; நாயைத் தொடவும் கூடாது. துள்ளலோடு ஓடும் நாய்தான் வெல்லும். பயந்து ஓடும் நாய் மெதுவாகத்தான் ஓடும்.

அண்மைக் காலத்தில் இதற்கு அளவீடுகளும் வந்துவிட்டன. போர்ச்சுகல் நாட்டில் பயிற்சிப் பள்ளிகளுக்குப் போகும் 92 வீட்டு நாய்களை ஆராய்ந்து 2020இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. தண்டனை அதிகமாக உள்ள பள்ளிகளின் நாய்களிடம் மன அழுத்தத்தின் அடையாளங்கள் மிகுதியாக இருந்தன. அவற்றின் எச்சிலில் அதற்குரிய இயக்குநீரும் பயிற்சிக்குப் பின் கூடியிருந்தது. 2021இல் அமெரிக்காவில் மிருக நடத்தையை ஆராயும் கால்நடை மருத்துவர்களின் சங்கம், எல்லா நாய்களுக்கும் வெகுமதி முறையே போதும் என்று அறிவித்தது.

இனி, வீட்டுக்கு வரும் பயிற்சியாளரிடம் என்ன கேட்பது? போட்டியில் கலந்துகொண்டதுண்டா, எந்தப் போட்டி, எந்த ஆண்டு, எந்த நாய் என்று கேட்கலாம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கெனல் சங்கங்கள் உண்டு. சொன்னதை விசாரித்துப் பார்க்கலாம். அந்த நாயைக் குட்டியிலிருந்து அவரே பழக்கினாரா, பழக்கிய நாயை விலைக்கு வாங்கினாரா என்பது அடுத்த கேள்வி. ஒரே நாயை வைத்துப் பத்துப் பரிசு வாங்கியவரைவிட, நான்கைந்து வேறுபட்ட நாய்களைச் சுமாரான நிலைக்காவது கொண்டுவந்தவரே நமக்கு அதிகம் பயன்படுவார். ஏனென்றால் நம் வீட்டில் இருப்பது ஹெம்ப் அல்ல. தெருவில் கண்டெடுத்த கறுப்பன்.

கோப்பை மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். களத்தில் வெல்வது ஒரு தொழில். அந்நியரைக் கண்டு நடுங்கும் நாயைத் தேற்றுவது வேறொரு தொழில். இரண்டும் எல்லாருக்கும் வருவதில்லை. ஆகவே பணம் கொடுக்குமுன், அவர் இன்னொரு நாய்க்குக் கற்றுக்கொடுப்பதை அரை மணி நேரம் பார்க்க அனுமதி கேளுங்கள். அவரைப் பார்க்க வேண்டாம், நாயைப் பாருங்கள். அவர் கையை உயர்த்தினால் அது காதை மடக்கிப் பதுங்குகிறதா, முகத்தை நிமிர்த்திப் பார்க்கிறதா? தவறு செய்தால் என்ன செய்வீர்கள் என்று நேராகவே கேளுங்கள். பார்க்க விடமாட்டேன், ஒரு மாதம் கழித்து வந்து நாயைக் கூட்டிப் போங்கள் என்பவரிடம் விடுவதில் எனக்கு உடன்பாடில்லை. வீட்டாருக்கும் சேர்த்துக் கற்றுக்கொடுக்காத பயிற்சி வீட்டு வாசலிலேயே மறந்துபோகும்.

பயிற்சியாளருக்குக் கொடுக்க வெள்ளி இல்லாத வீடுகளும் உண்டு. அவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். அவித்த கோழி ஈரலைச் சிறு துண்டுகளாக நறுக்கிக்கொள்ளுங்கள். ஒரு துண்டை நாயின் மூக்குக்கு நேரே காட்டி, மெல்லத் தலைக்கு மேலே, பின்னோக்கி நகர்த்துங்கள். தலை உயரும்போது பின்புறம் தானாகத் தாழ்ந்து உட்காரும். உட்கார்ந்த அதே நொடியில் "நல்லது" என்று சொல்லி ஈரலைக் கொடுங்கள். வீட்டில் எல்லாரும் ஒரே சொல்லைப் பயன்படுத்த வேண்டும். தாத்தா ஒரு சொல், பேரன் ஒரு சொல் என்று இருக்கக்கூடாது. காலையில் ஐந்து நிமிடம், மாலையில் சோறு வைக்குமுன் ஐந்து நிமிடம் போதும்.