கிராக்கோ நகரத்து மாதா கோயில்

போலந்து நாட்டு வானொலி நண்பகல் பன்னிரண்டு மணிக்கு ஓர் எக்காள இசையை ஒலிபரப்புவதை 1927 ஆம் ஆண்டு முதற்கொண்டு வழக்கமாகக் கொண்டுள்ளது. கிராக்கோ நகரின் பெரிய சந்தைச் சதுக்கத்தில் நிற்கும் மாதா கோயிலின் கோபுரத்திலிருந்து, மணிக்கொரு முறை நான்கு திசைகளையும் நோக்கி ஊதப்படும் இசை அது. ஊதுகிறவர்கள் தீயணைப்புப் படையினர். இசை முடியுமுன்பே திடீரென அறுந்து நின்றுவிடும். பகைவர் வருகையை அறிவித்த காவலனின் கழுத்தில் அம்பு தைத்ததால் அவ்வாறு நின்றது என்று கதை வழங்குகிறது. கதை அழகியதே; எனினும் இடைக்கால ஏடுகளில் அதற்குச் சான்று இல்லை.

பகைவர் வந்ததென்னவோ உண்மை. 1241 இல் மங்கோலியர் படையெடுப்பில் அங்கிருந்த பழைய கற்கோயில் அழிந்தது. அதே அடித்தளத்தின்மீது, பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அதற்கடுத்த நூற்றாண்டிலுமாகச் செங்கற்களால் எழுப்பப்பட்டதே இன்று நாம் காணும் ஆலயம். இரட்டைக் கோபுரங்களில் ஒன்று சுமார் 80 மீட்டர் உயரம். மற்றொன்று 69 மீட்டரோடு நின்றுவிட்டது. அரசர்கள் முடிசூடிய பேராலயம் வாவெல் குன்றின்மேல் இருக்கிறது; இதுவோ நகரத்து வணிகர்களும் கைவினைஞர்களும் கூடிய பங்குக் கோயில். அவர்களில் பலர் ஜெர்மன் மொழி பேசியவர்கள். பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதிவரை இங்கே ஜெர்மன் மொழியிலும் பிரசங்கம் நிகழ்ந்தது. பின்னர் வந்த துன்பத்தை விளங்கிக்கொள்ள இச்செய்தி வேண்டும்.

1477 இல் இந்நகரத்தார் நியூரம்பெர்க் நகரிலிருந்து ஒரு சிற்பியை வரவழைத்தனர். ஜெர்மானியர் அவரை ஃபைட் ஷ்டோஸ் என்பர்; போலந்து மக்களோ வித் ஸ்த்வோஷ் என்பர். ஒரே மனிதரின் பெயரை இரு நாடுகள் இரு விதமாக எழுதி உரிமை கொண்டாடுவது மொழிபெயர்ப்பாளருக்குப் பழகிய தொல்லைதான். அவர் 1489 வரை உழைத்து, பலிபீடத்திற்குப் பின்னே சுமார் 13 மீட்டர் உயரமுள்ள மரச் சிற்பத்தொகுதியை நிறுவினார். நடுவே, மரியன்னை முழந்தாளிட்டுத் துயிலில் சாய்கிறார். அப்போஸ்தலர்கள் சூழ்ந்து நிற்கின்றனர். ஆளுயரத்தை விஞ்சிய அவ்வுருவங்களின் கைகளில் நரம்புகளும் முகங்களில் முதுமைச் சுருக்கங்களும் தெரிகின்றன. அப்போஸ்தலர்களைச் சந்தையில் கண்ட மனிதர்களாகவே அவர் செதுக்கினார் போலும். 1496 இல் நியூரம்பெர்க் திரும்பிய ஷ்டோஸ், 1533 இல் அங்கேயே காலமானார்.

காலந்தோறும் திருப்பணி நடந்தது. ஒவ்வொரு தலைமுறையும் தன் ரசனையையே கோயிலுக்கு அணிவித்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் உட்புறம் பரோக் பாணிக்கு மாறியது. 1889 முதல் 1891 வரை நடந்த திருப்பணியில், ஓவியர் யான் மத்தேய்கோ வகுத்த திட்டப்படி சுவர்கள் வண்ணக்கோலம் பூண்டன; ஸ்தனிஸ்லாவ் விஸ்பியான்ஸ்கி முதலிய இளைஞர்கள் துணைபுரிந்தனர். பொன் நட்சத்திரங்கள் மின்னும் நீல விதானத்தைக் கண்டு இடைக்காலம் என்று வியப்போர் உண்மையில் வியப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டை. அதற்காக அதைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. அக்காலத்தில் போலந்து என்றொரு நாடு தேசப்படத்தில் இல்லை. மூன்று பேரரசுகள் அதைப் பங்கிட்டுக்கொண்டிருந்தன. சுவரில் தீட்டிய கோலம் அம்மக்களின் நினைவுக்கு ஓர் உறைவிடமாயிற்று.

1939 இல் போர் மூளும் தறுவாயில் பீடச் சிற்பத்தைப் பிரித்தெடுத்து, பெரிய உருவங்களைப் படகேற்றி விஸ்தூலா நதிவழியே சந்தோமியேஷ் நகருக்கு அனுப்பினர். மறைவு பயனளிக்கவில்லை. ஜெர்மானியச் சிற்பியின் படைப்பு ஜெர்மனிக்கே உரியது என்ற சாக்கில் நாஜிகள் அதனைக் கைப்பற்றிப் பெர்லினுக்கும், பின்னர் நியூரம்பெர்க்குக்கும் கொண்டுசென்றனர். அந்நகரத்துக் கோட்டையின் கீழுள்ள நிலவறையில் அது கிடந்தது. ஷ்டோஸுக்குக் கூலி கொடுத்தவர்கள் கிராக்கோ நகரத்தார் என்பதை எவரும் எண்ணிப்பார்க்கவில்லை. போருக்குப்பின் கலை வரலாற்றறிஞர் கரோல் எஸ்திரைகரின் முயற்சியாலும் அமெரிக்கப் படையினரின் உதவியாலும் 1946 ஏப்ரலில் அது கிராக்கோ திரும்பியது.

ஊர் திரும்பிற்றேயன்றி, கோயில் திரும்பவில்லை. மரத்தைச் சீர்செய்த பின்னரும் அது வாவெல் கோட்டையிலேயே இருந்தது. காட்சிப்பொருளாகவே வைத்துக்கொள்ளலாகாதா என்று கேட்போர் அன்றும் இருந்தனர். பாதுகாப்புக்கு அரும்பொருட்காட்சி சாலை ஏற்றதென்பதை நாமும் மறுக்கவில்லை. ஆயினும் அச்சிற்பம் ஒரு பலிபீடத்தின் பின்னே, குறிப்பிட்ட சாளரங்களின் ஒளியில், கீழிருந்து அண்ணாந்து பார்ப்பவர்க்காகச் செதுக்கப்பட்டது. 1957 இல்தான் அது தன் இடம் சேர்ந்தது.

2015 இல் தொடங்கி 2021 இல் நிறைவெய்திய அண்மைத் திருப்பணியில், நிபுணர்கள் பிற்காலப் பூச்சுகளையும் கறுத்த மெருகெண்ணெயையும் அகற்றி, அடியிலிருந்த வண்ணங்களை வெளிக்கொணர்ந்தனர். ஓர் உருவத்தில் 1486 என்ற ஆண்டு பொறித்திருப்பதையும் கண்டனர்.