குறுக்கெழுத்துப் புதிரில் பெரியோர் பெயர்கள்

தத்துவ அறிஞர், எழுத்தாளர், கலைஞர் ஆகியோரின் பெயர்களை விடையாகக் கொண்ட குறிப்புகள் தமிழ்க் குறுக்கெழுத்தில் தனி வகையாகவே கருதத்தக்கவை. நல்ல குறிப்புக்கு விடை ஒன்றே என்ற நெறி தமிழில் நிலைபெற்ற கதையே இவற்றின் வரலாறு.

1913 டிசம்பர் 21 அன்று ‘நியூயார்க் வேர்ல்டு’ நாளிதழில் ஆர்தர் வின் வெளியிட்ட வைர வடிவக் கட்டத்திலிருந்து இக்காலக் குறுக்கெழுத்து தொடங்குகிறது. ஆனால், குறிப்பால் பொருளை மறைத்துச் சொல்வது தமிழுக்குப் பழைய பழக்கம். திருவள்ளூர் மாவட்டத் திருமழிசையில் பிறந்த ஆழ்வாரின் திருச்சந்த விருத்தம், 120 பாடல்கள் கொண்டது. எண்களை அடுக்கியே தொடங்குகிறது. நிலத்துக்குக் குணம் ஐந்து, நீருக்கு நான்கு, தீக்கு மூன்று, காற்றுக்கு இரண்டு, வானுக்கு ஒன்று என்ற தத்துவம் அறிந்தவருக்கே அவை பிடிபடும். ஊகித்து வேறு விடை சொல்ல அங்கே இடமில்லை.

1930களில் ‘ஆனந்த விகடன்’ நடத்திய பரிசுக் குறுக்கெழுத்துப் போட்டிகள் பெரும் வரவேற்பையும், சூதாட்டம் என்ற கண்டனத்தையும் பெற்றன. நாடெங்கும் நடந்த இத்தகைய போட்டிகள் பலவற்றில் ஒரு குறிப்புக்கு இரண்டு சொற்கள் பொருந்தும். நடத்துபவர் தேர்ந்த சொல்லே வெல்லும். 1955இன் பரிசுப் போட்டிகள் சட்டம், மாதப் பரிசுத் தொகைக்கு 1,000 ரூபாய் வரம்பிட்டது. திறமையால் வெல்லும் போட்டிகளுக்கு அது பொருந்தாது என்று 1957இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. புதிர்க்கலைக்கு இதைவிடச் சரியான எல்லைக்கோடு அமைந்திருக்க முடியாது.

கலிஃபோர்னியாவிலிருந்து வரும் ‘தென்றல்’ இதழில் வாஞ்சிநாதன் அமைத்த புதிர்கள், சொற்களைப் பிரித்து விடை காணும் மறைகுறிப்பைத் தமிழில் வளர்த்தன. அந்த முறைக்கு ஓர் எடுத்துக்காட்டு: ‘ரகசியத் தலையைப் பாதிக்குள் வைத்த எட்டயபுரத்துக் கவி (3)’. ‘ரகசிய’த்தின் தலை ‘ர’. அதைப் ‘பாதி’க்குள் வைத்தால் பாரதி. எட்டயபுரம் தெரியாதவரும் சொற்களைப் பிரித்து விடைக்கு வரலாம். தெரிந்தவர் அதைச் சரிபார்த்துக்கொள்ளலாம். இந்த இரட்டை உறுதிதான் மறைகுறிப்பின் அழகு.

பெயர்களில் மட்டும் எழுத்து முறை தகராறு செய்யும். 1888இல் திருத்தணியில் பிறந்த தத்துவப் பேராசிரியரை ராதாகிருஷ்ணன் என்று எழுதினால் 7 கட்டம். இராதாகிருஷ்ணன் என்றால் 8. கிரந்தம் நீக்கி இராதாகிருட்டிணன் என்றால் 9. அடைப்புக்குள் தரும் எண்தான் எந்த வடிவம் என்பதைச் சொல்கிறது. திருவொற்றியூரில் சமாதி கொண்ட பட்டினத்தார் வேறு வகைச் சிக்கல்: அவருடைய 7 கட்டங்களில் ட், த், ர் என மூன்று மெய்யெழுத்துகள். தமிழ்ச் சொல் மெய்யில் தொடங்காது என்பதால், அந்த மூன்று கட்டங்களிலிருந்தும் நெடுக்குச் சொல்லைத் தொடங்க முடியாது.

மணலியில் இளமையில் வாழ்ந்த முத்துசுவாமி தீட்சிதருக்குக் குறிப்பெழுதுவது எளிது. ‘குருகுஹ’ முத்திரைக்காரர் என்றால் போதும். இசை அறிந்தவருக்கு வேறு பெயர் தோன்றாது.