சிதறாலில் பரங்கியும் சுக்கினியும்

கன்னியாகுமரி மாவட்டம் சிதறால் மலையில் 9-ஆம் நூற்றாண்டில் சமணச் சிற்பங்களைச் செதுக்கியவர்கள் பரங்கிக்காயைப் பார்த்ததே இல்லை. அதன் தாயகம் அமெரிக்கா. 1498-ல் வாஸ்கோடகாமா வந்த பிறகு போர்ச்சுகீசியர் வழியாக இங்கே வந்ததாகச் சொல்வார்கள். ஐரோப்பியருக்கு இருந்த 'பரங்கி' என்ற பெயரே காய்க்கும் ஒட்டிக்கொண்டது! பக்கத்துக் கேரளத்தில் அதுவே மத்தன்.

அதன் பங்காளி சுக்கினி. பூர்வீகம் அமெரிக்காதான் என்றாலும், இன்றைய உருவம் பெற்றது இத்தாலியில். மிதமான கோடைக்குப் பழகிய செடி. சிதறால் வீட்டுத் தோட்டத்தில் அது ஏன் திணறுகிறது?

ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை என்று இரண்டு மழையும் இங்கே உண்டு. அடைமழையில் தேனீ வராது. பெண்பூ காய்பிடிக்காமல் உதிரும், பிடித்த பிஞ்சும் அழுகும். சரி, மார்ச் வெயிலில் போடலாமே என்றால், வெப்பம் கூடும்போது ஆண்பூக்களே அதிகம் வரும். மிஞ்சுவது டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரைதான். நல்லவேளை, விதைத்த 50 நாளை ஒட்டிச் சுக்கினி காய்த்துவிடும்.

பரங்கிக்கு இந்த அவசரம் இல்லை. வெப்பமும் ஈரமும் அதற்குப் பழக்கம். படரும் கொடி கணுவிலும் வேர்விடுவதால், ஓரிடத்தில் அழுகினாலும் மறுபக்கம் பிழைத்துக்கொள்ளும். முற்றிய காயை மாதக்கணக்கில் வைத்திருந்து எரிசேரிக்கு வெட்டலாம்; சுக்கினியோ பறித்த சில நாளிலேயே வாடிவிடும்.