மூக்கில் வடியும் மூளைநீர்

குறிஞ்சிப்பாடியில் வாழும் நெசவாளர் ஒருவர், கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் நெடுஞ்சாலையில் வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டார் என்று வைத்துக்கொள்வோம். காயம் ஆறிற்று, வலியும் தணிந்தது. மீண்டும் தறியில் அமர்ந்தார். ஆனால், குனிந்த போதெல்லாம் ஒரு நாசியிலிருந்து மட்டும் தெளிந்த நீர் துளித்துளியாகச் சொட்டிற்று. தொழுகையில் ஸஜ்தா செய்து எழுந்தால் பாயில் ஈரம். வீட்டார் அதனை நீர்க்கோவை என்றனர். நொச்சித்தழையிட்டு வேது பிடித்தார்கள். நீர்க்கோவை மாத்திரையை உரைத்து நெற்றியில் பற்றுப் போட்டார்கள். நீர் நிற்கவில்லை.

அந்நீர் சளியன்று, மூளையையும் முதுகுத்தண்டின் நரம்பு வடத்தையும் சூழ்ந்து காக்கும் நீர். அது மூக்கின் வழியே கசியக்கூடும் என்பதையும், கசிந்தால் அதனைத் தடுக்கலாம் என்பதையும் உணர்ந்துகொள்ள மனித இனத்துக்கு நெடுங்காலம் பிடித்தது. அவ்வரலாற்றையே இங்கு ஆராயப் புகுகின்றோம். அது வெறும் பழங்கதையன்று. இன்றும் ஓர் உயிரைக் காக்கவல்ல செய்தி அதனுள் இருக்கின்றது.

பழைய கொள்கை

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவ மேதை காலன், நம் மரபில் ஜாலினூஸ் என்று அழைக்கப்படுபவர். மூளையில் சேரும் கழிவு நீரே சளியாகிக் கீழிறங்குகின்றது என்பது அவர் கொள்கை. மூக்கின் கூரையாகவும் மூளையின் தரையாகவும் அமைந்துள்ள மெல்லிய எலும்பில் பல சிறு துளைகள் உண்டு. கிரேக்க மொழியில் அவ்வெலும்பின் பெயருக்கே 'சல்லடை போன்றது' என்பதுதான் பொருள். அத்துளைகளின் வழியே மூளையின் கழிவு வடிகின்றது என்று அவர் கருதினார். உண்மையில் அவை வாசனையை உணர்த்தும் நரம்பிழைகள் செல்லும் வழிகளாகும்.

9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் காலனின் நூல்களை அரபு மொழிக்குக் கொணர்ந்தார். அவற்றோடு இக்கொள்கையும் வந்தது. ஹிஜ்ரி 428இல் (கி.பி. 1037) மறைந்த இப்னு ஸீனா தம் 'அல்கானூன்' என்னும் பெருநூலில், தலையிலிருந்து மூக்கிற்கு இறங்குவதை 'ஸுகாம்' என்றும், தொண்டைக்கும் மார்புக்கும் இறங்குவதை 'நஸ்லா' என்றும் பிரித்துரைத்தார். யூனானி மருத்துவர்களிடையே இன்றளவும் இச்சொற்கள் வழங்கி வருகின்றன.

கொள்கை பிழையானதே. ஆயினும் அம்மருத்துவர்கள் நோயாளியைக் கூர்ந்து நோக்குவதில் குறைந்தவர்கள் அல்லர். ஹிஜ்ரி 313இல் (கி.பி. 925) மறைந்த அர்ராஸி, அபூ ஸைத் அல்பல்கீ என்னும் அறிஞருக்கு வசந்த காலத்தில் ரோஜாவை முகர்ந்தால் மட்டும் மூக்கொழுகுவதேன் என்று ஆராய்ந்து தனிக் கட்டுரையே எழுதினார். மூக்கொழுகுதல் எல்லாம் ஒன்றல்ல; எப்போது ஒழுகுகின்றது, எதனால் ஒழுகுகின்றது என்று கேட்க வேண்டும் என்னும் நெறி அதில் அடங்கியிருக்கின்றது. நாம் பேசப்போகும் நோயைக் கண்டறியவும் அந்தக் கேள்விகளே முதற்படி. 13ஆம் நூற்றாண்டில் இப்னு நஃபீஸ், இரத்தம் இதயத்தின் வலப்புறத்திலிருந்து நுரையீரல் வழியாகவே இடப்புறம் சேர்கின்றது என்று எழுதிக் காலனையே மறுத்தார். பெரியோர் சொல்லையும் சோதித்துப் பார்க்கும் துணிவு நம் முன்னோரிடம் இருந்தது என்பதற்கு இதுவே சான்று.

மறுப்பும் மறுகண்டுபிடிப்பும்

சளியைப் பற்றிய பழைய கொள்கையைத் தகர்த்தவர் ஜெர்மனியின் விட்டன்பர்க் நகரப் பேராசிரியர் ஷ்னைடர். சளி மூளையிலிருந்து வருவதன்று, மூக்கின் உட்சவ்விலேயே ஊறுகின்றது என்பதை 1660ஆம் ஆண்டில் தொடங்கி வெளியிட்ட நூல்களில் அவர் நிறுவினார். மருத்துவ உலகம் அவ்வுண்மையை ஏற்றது.

இங்கேதான் வரலாறு ஒரு விந்தையான திருப்பத்தை அடைகின்றது. மூளையிலிருந்து மூக்கிற்குச் சளி வருவதில்லை என்பது மெய். ஆனால், சல்லடை எலும்பு உடைந்து, மூளையைப் போர்த்திய உறையும் கிழிந்துவிட்டால், மூளையைச் சூழ்ந்த நீர் வரும் என்பதும் மெய். முன்னோர் எல்லோருக்கும் நிகழ்வதாக எண்ணியது, உண்மையில் சிலருக்கு மட்டும், அதுவும் ஆபத்தாக நிகழ்கின்றது.

அந்த நீரைப் பற்றிய தெளிவு 1764இல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் கொட்டுன்யோ என்பவரால் கிடைத்தது. அதற்கு முன்னர் உடலை அறுத்துப் பார்த்தவர்கள் தலையை முதலில் துண்டித்துவந்தார்கள். ஆகவே நீர் முழுவதும் வழிந்தோடிவிடும், யார் கண்ணிலும் படாது. கொட்டுன்யோ தலையைத் துண்டிக்காமல் ஆராய்ந்து, மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி நீர் நிறைந்திருப்பதைக் கண்டார். வளர்ந்த ஒருவரிடம் எந்த நேரத்திலும் ஏறத்தாழ 150 மில்லி லிட்டர் நீர் இருக்கின்றது. நாள் ஒன்றுக்குச் சுமார் 500 மில்லி லிட்டர் புதிதாக ஊறுகின்றது என்று இன்று அறிகின்றோம். ஊறிக்கொண்டே இருப்பதனால்தான் ஓட்டை இருக்கும்வரை கசிவும் நீடிக்கக்கூடும்.

1826இல் சார்லஸ் மில்லர் என்பவர், தலையில் நீர்கோத்த குழந்தை ஒன்றின் மூக்கிலிருந்து விட்டுவிட்டு நீர் வடிந்ததைப் பதிவு செய்தார். 1899இல் லண்டன் மருத்துவர் செயின்ட் கிளேர் தாம்சன், அடி ஏதும் படாமலே இவ்வாறு நீர் கசிந்த 21 பேரைப் பற்றிய செய்திகளைத் திரட்டித் தனி நூலாக வெளியிட்டார். அதன் பின்னரே இது ஒரு தனி நோய் என்று மருத்துவ உலகம் மனம்கொண்டது.

ஓட்டையை அடைத்த கதை

நோயைக் கண்டாயிற்று, தீர்வு வேண்டுமே! 1926இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வால்டர் டாண்டி, மண்டையோட்டின் முன்புறத்தைத் திறந்து, மூளையைச் சற்றே தூக்கி, தொடைத் தசையைப் போர்த்தியுள்ள நார்ப்படலத்தில் ஒரு துண்டை எடுத்துக் கிழிசலை அடைத்தார். மண்டையைத் திறப்பது பெரிய அறுவை. பிழைத்தவர் பலர் முகரும் உணர்வை இழக்க நேர்ந்தது. 1948இல் சுவீடனின் டோல்மன், கண்ணுக்கும் மூக்குக்கும் இடையில் வெளியே கீறி உள்ளே சென்றார். 1952இல் ஹிர்ஷ், நாசி வழியாகவே சென்று அடைத்துக் காட்டினார்.

இங்கிலாந்தின் இயற்பியலாளர் ஹரால்ட் ஹாப்கின்ஸ் வகுத்த கண்ணாடித் தண்டு வில்லையினால், குறுகிய குழாய் வழியே உடலின் உட்புறத்தைத் துலக்கமாகக் காண முடிந்தது. அவ்வகை உள்நோக்கியைக் கொண்டு 1981இல் ஜெர்மனியின் விகான்ட், மூக்கின் வழியே இக்கசிவை அடைத்த செய்தியை வெளியிட்டார். முகத்தில் ஒரு தழும்பும் இல்லை. மண்டையைத் திறக்க வேண்டியதும் இல்லை. இன்று இம்முறையில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கசிவு நின்றுவிடுகின்றது.

நம் நாட்டில் இத்துறை பிறந்தது விடுதலைக்குப் பின்னரே. 1949இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டி, இந்தியாவின் முதல் மூளை அறுவைத் துறையைத் தொடங்கினார். மறு ஆண்டிலேயே சென்னை அரசு பொது மருத்துவமனையில் பி. இராமமூர்த்தி அத்துறையை நிறுவினார். 1922இல் பிறந்த அவர், கொள்ளிடத்துக்குத் தெற்கே, சிதம்பரத்துக்கு அண்மையில் உள்ள சீர்காழியைச் சேர்ந்தவர். நம் பகுதியின் அறிவுச் செல்வங்களுள் அவரும் ஒருவர். 1951இல் இவ்விருவரும் வேறு சிலரும் கூடி இந்திய நரம்பியல் சங்கத்தை அமைத்தனர்.

அறிந்துகொள்வது எங்ஙனம்?

கசிவுக்கு முதற்காரணம் தலையில் அடிபடுவதே. பெரும்பாலும் முதல் இரண்டு நாட்களுக்குள் தோன்றும்; சிலருக்கு வாரங்கள், மாதங்கள் கழித்தும் வெளிப்படும். மூக்கிலும் தலையிலும் செய்த அறுவையினால் சிலருக்கு வருவதுண்டு. ஏதும் நேராமலும் வரலாம். மூளைநீரின் அழுத்தம் மிகுந்தவர்களிடம், குறிப்பாக உடற்பருமன் உள்ள நடுவயதுப் பெண்களிடம், இது அதிகம் காணப்படுகின்றது. 2020இல் கொரோனா சோதனைக்காக மூக்கில் குச்சி விட்டபோது, முன்னரே அறியப்படாத குறை ஒன்றைக் கொண்டிருந்த ஒரு பெண்மணிக்குக் கசிவு நேர்ந்த செய்தி அமெரிக்க மருத்துவ இதழில் வெளிவந்தது.

அடையாளங்கள் எளியவை. நீர் பெரும்பாலும் ஒரு நாசியிலிருந்து மட்டும் வரும். தண்ணீர்போல் தெளிந்திருக்கும், பிசுபிசுப்பு இராது. குனிந்தாலும், முக்கினாலும், ஸஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைத்தாலும் சொட்டும். தொண்டையில் இறங்கினால் உப்புக் கரிக்கும். சளி படிந்த கைக்குட்டை காய்ந்தால் கஞ்சி போட்டதுபோல் விறைக்கும்; இந்நீர் பட்டது விறைக்காது. தலைவலியும், வாசனை தெரியாமையும் உடன் இருக்கலாம். சளி மருந்துகளால் இது நிற்பதில்லை.

ஆயினும் இவை ஐயத்தை எழுப்பவே போதும். உறுதி செய்யப் போதா. முற்காலத்தில் நீரில் சர்க்கரை உள்ளதா என்று சோதித்தார்கள். மூக்குநீரிலும் கண்ணீரிலும் சர்க்கரை இருக்கக்கூடுமாதலால் அச்சோதனையை நம்ப முடிவதில்லை. 1979இல் பின்லாந்து ஆய்வாளர்கள், 'பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின்' என்னும் புரதம் மூளைநீரில் உண்டு, சளியிலும் கண்ணீரிலும் இல்லை என்பதைக் கொண்டு நோயை உறுதிப்படுத்தும் வழியைக் காட்டினர். சில துளிகளே அச்சோதனைக்குப் போதும். ஓட்டை எங்கே என்பதை சி.டி., எம்.ஆர்.ஐ. படங்கள் காட்டுகின்றன.

செய்யத்தக்கதும் தகாததும்

நீர் கசிந்து போவது மட்டுமே இந்நோயின் ஆபத்தன்று. நீர் வெளிவரும் வழியே கிருமி உட்புகும் வழியும் ஆகும். அவ்வாறு புகுந்தால் மூளை உறை அழற்சி உண்டாகி உயிருக்கே ஊறு நேரலாம். காய்ச்சல், கடுந்தலைவலி, கழுத்து விறைப்பு, வெளிச்சத்தைக் காணக் கூசுதல், மயக்கம் ஆகியவை தோன்றினால் ஒரு நாழிகையும் தாழ்த்தலாகாது.

அடிபட்டதனால் வரும் கசிவு பெரும்பாலும் தலையைச் சற்று உயர்த்திப் படுத்த ஓய்வினாலேயே ஒரு வாரத்துக்குள் நின்றுவிடுகின்றது. நிற்காவிடில் முதுகில் மெல்லிய குழாய் இட்டு நீரின் அழுத்தத்தைக் குறைப்பார்கள். அதற்கும் அடங்காவிடில் அறுவை செய்வார்கள். இதற்கிடையில் மூக்கைச் சிந்துதல், நாசியைப் பஞ்சால் அடைத்தல், மூக்கில் மருந்தோ எண்ணெயோ விடுதல், மலங்கழிக்க முக்குதல், பளு தூக்குதல் ஆகியவை கூடா. தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்ம வேண்டும்.

நம் இல்லத்தாருக்கு இரண்டு செய்திகளைத் தனியே கூறக் கடமைப்பட்டுள்ளோம். ஒளூ செய்கையில் மூக்கினுள் நீரை உறிஞ்சி இழுத்துச் சிந்துவதையும், ஸஜ்தாவில் தலை தாழ்த்துவதையும் மருத்துவர் இசைவு தரும்வரை நிறுத்தி வைக்க நேரிடலாம். நோயுற்றவர் அமர்ந்து சைகையால் தொழுதுகொள்ள மார்க்கம் இடமளித்திருக்கின்றது. அந்தச் சலுகையை ஏற்பதற்குத் தயங்கி உடலை வருத்திக்கொள்ள வேண்டியதில்லை.

குறிஞ்சிப்பாடி மக்களுக்கு மருத்துவ உதவி எட்டாத் தொலைவில் இல்லை. கடலூரில் அரசு தலைமை மருத்துவமனையும், சிதம்பரத்தில் அரசு மருத்துவக் கல்லூரியும், புதுச்சேரியில் ஜிப்மரும் இருக்கின்றன. சாலை விபத்தில் சிக்கியவர்க்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையின் செலவை ஏற்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கியது. ஆகவே செலவை எண்ணி அஞ்சி வீட்டில் கிடக்கத் தேவையில்லை.

தொடக்கத்தில் நாம் கூறிய நெசவாளரின் வீட்டார் செய்தது, அன்பினால் செய்ததே. அவர்கள் இரண்டு கேள்விகளைக் கேட்டிருந்தால் போதும்: ஒரு நாசியிலிருந்து மட்டும் வருகின்றதா? குனிந்தால் மிகுகின்றதா? இரண்டுக்கும் 'ஆம்' என்பது விடையானால், வேதுச் சட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சொட்டும் நீரைத் தூய சிறு குப்பியில் ஏந்தி, அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கொண்டு காட்ட வேண்டும்.