ரோடியர் மில் சங்கும் சாக்கனாக் கடையும்

புதுச்சேரி என்றாலே வெளியூர்க்காரர்களுக்கு ஒரு சிரிப்பு. ஊர்ப் பெயரைச் சொன்னதும் கையைக் கோப்பை மாதிரி வளைத்துக் காட்டுவார்கள். சினிமாக்காரர்களும் இதை வைத்துப் போதுமான அளவு சம்பாதித்துவிட்டார்கள். கூடவே ஒரு சரித்திர விளக்கமும் சொல்வார்கள்: எல்லாம் பிரெஞ்சுக்காரன் பழக்கிவிட்டுப் போனதாம். நம்மூர்ப் பெரியவர்களிலேயே பலர் இதற்குத் தலையாட்டுகிறார்கள். எனக்கு இதில் சம்மதம் இல்லை.

பிரெஞ்சுக்காரன் குடித்தது ஒயின். அதுவும் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, அவன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். வாய்க்காலுக்கு மேற்கே நம் ஜனங்கள் குடித்தது கள்ளும் பட்டைச் சாராயமும். அவை அவன் கப்பல் வருவதற்கு முன்பே இங்கே இருந்தவை. அவன் செய்த காரியம், விற்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டுக் கஜானாவை நிரப்பிக்கொண்டதுதான். இங்கிலீஷ்காரனும் தன் எல்லைக்குள் அதையேதான் செய்தான். பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு 'புய்வேத்' என்று ஒரு சொல் சொல்லிக்கொடுத்தார்கள். தாகசாந்திக் கடை என்று வைத்துக்கொள்ளலாம். முதலியார்பேட்டையில் ஒரு ஆள் வாயிலிருந்தும் அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. அங்கே மூன்று சொற்கள்தான்: கள்ளுக்கடை, சாராயக்கடை, பிராந்திக்கடை. மூன்றுக்கும் மூன்று விதமான ஆட்கள். பிராந்திக்கடைக்குப் போகிறவர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போவார்.

பிராந்திக்கடை ஆட்களில் 'சொல்தா' என்று நாம் அழைத்த ஓய்வுபெற்ற பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர்களும் உண்டு. இந்தோசீனாவும் அல்ஜீரியாவும் பார்த்துவிட்டு வந்தவர்கள். சாயங்காலம் பூல் குண்டு உருட்டிவிட்டு, கணக்காக இரண்டு கிளாஸ் குடித்துவிட்டு, வீட்டுக்குப் போய்விடுவார்கள். நம்மூர்க் குடிக்கு இவர்களைக் காரணம் காட்டுவது அநியாயம். ஆள் எண்ணிக்கையில் இவர்கள் எம்மாத்திரம்?

உண்மையில் நம் பேட்டையின் மலிவுக் கடைகளை உண்டாக்கியவை இரண்டு. ஒன்று மில் சங்கு. மற்றொன்று எல்லைக்கோடு.

முதலில் மில். கடலூர் ரோட்டில் இருந்த ஆங்கிலோ பிரெஞ்சு மில் 1898-இல் தொடங்கியது. காகிதத்தில் என்ன பெயர் இருந்தாலும் நமக்கு அது ரோடியர் மில்தான். 1936 ஜூலை 30 அன்று சவானா மில்லில் துப்பாக்கிச் சூடு நடந்து 12 தொழிலாளிகள் செத்தார்கள். அந்தப் போராட்டத்தின் பலனாக, வ. சுப்பையா போன்றவர்கள் ஓயாமல் பாடுபட்டு, அடுத்த வருஷம் 8 மணி நேர வேலை சட்டமாயிற்று. இந்தச் சரித்திரம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் எட்டு மணி நேர வேலை என்றால் மனிதனுக்குச் சாயங்காலம் என்று ஒன்று கிடைத்துவிட்டது என்று பொருள். சங்கு ஊதினால் ஒரு ஷிப்டு உள்ளே போகும், ஒரு ஷிப்டு வெளியே வரும். பஞ்சுத் தூசியைத் தின்று தொண்டை காய்ந்து வருகிற ஆயிரக்கணக்கான ஆட்களுக்கு டீயும் வேண்டும், இட்லியும் வேண்டும், சிலருக்கு மற்றதும் வேண்டும். அதிகாலையில் ஆப்பக்கடை ஆயா, பகலில் எடுப்புச் சாப்பாடு, பொழுது சாய்ந்தால் சாக்கனாக் கடை என்று ஒரு தெருவுக்கே சங்குதான் கடிகாரமாக இருந்தது.

சாக்கனா என்ற சொல் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியவில்லை, 'சைட் டிஷ்' என்கிறார்கள். சாராயக்கடையைக் குத்தகைதாரர் நடத்துவார். வாசலிலும் பக்கத்துச் சந்திலும் அடுப்பு மூட்டி உட்கார்ந்திருப்பவர்கள் பெண்கள். அவர்கள் வைத்திருந்த பண்டங்களை நினைத்துப் பாருங்கள். கசாப்புக்கடையில் துண்டுக்கறியை வசதியுள்ளவர்கள் வாங்கிக்கொண்டு போனபிறகு மிஞ்சுவது குடல், இரத்தம், ஈரல், தலை, கால். தேங்காய்த்திட்டு, வம்பாகீரப்பாளையம் பக்கத்திலிருந்து கூடையில் வருவது பெரிய மீன் போக மிச்சமிருந்த நெத்திலி, காரப்பொடி, துண்டு துண்டான சுறா. விலைபோகாத இந்தச் சரக்கையெல்லாம் ருசியாக்குவதுதான் அந்தத் தொழிலின் சூட்சுமம். போட்டியைச் சுத்தம் செய்வதற்கே ஒரு முழுக் காலை வேண்டும். சுடுதண்ணீரும் மஞ்சளும் போட்டு உள்ளும் புறமும் திருப்பித் திருப்பிக் கழுவ வேண்டும். அதில் சோம்பல் பட்டால் அன்றைக்கே வாடை சொல்லிவிடும், மறுநாள் ஆள் வரமாட்டான். மிளகும் சோம்பும் அரைத்துப் போட்டு வறுப்பார்கள். இரத்தப் பொரியலுக்குச் சின்ன வெங்காயமும் தேங்காய்ப்பூவும். சுறாப்புட்டு நன்றாக அமைந்தால் பூப்போல உதிரும். இவை தவிர அவித்த முட்டை, பட்டாணிச் சுண்டல், மாங்காய்க் கீற்று. வாழையிலைத் துண்டில் நாலணாவுக்கு வைத்துக் கொடுத்த காலம் எனக்கு நினைவிருக்கிறது.

இந்தக் கடைகளில் வாங்கியவர்கள் எல்லாரும் குடிகாரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். சந்துப் பக்கமாகப் பிள்ளைகளைக் கிண்ணத்தோடு அனுப்புவார்கள். வீட்டில் கறி எடுக்க முடியாத நாளில் ஒரு கரண்டி போட்டி வறுவலை வைத்து ஆறு பேர் சோறு தின்ற குடும்பங்கள் உண்டு. நல்ல குடும்பத்துப் பெண்கள் அந்தச் சந்தில் தலைகாட்ட மாட்டார்கள் என்பார்கள். ஆனால் அவர்கள் வீட்டுக் கிண்ணம் வந்துகொண்டுதான் இருந்தது.

பெருமை பேசுகிறேன் என்று எண்ணாதீர்கள். சம்பள நாளன்று மில் வாசலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் வட்டிக்காரர், ஒரு பக்கம் கடைக்கணக்கு நோட்டு, நடுவில் இடுப்பில் குழந்தையோடு மனைவிமார். சங்கு ஊதிய பிறகு யார் கைக்கு முதலில் பணம் போகிறது என்பதில்தான் அந்த மாதம் வீட்டில் உலை கொதிப்பது இருந்தது. பல மாதம் அந்தப் பெண்கள் தோற்றார்கள். அடுப்பு மூட்டி உட்கார்ந்திருந்த அக்காமார்களில் சிலர் இப்படித் தோற்ற வீடுகளிலிருந்து வந்தவர்களே. புருஷன் குடித்தழித்ததை அதே கடை வாசலில் உட்கார்ந்து காலணா காலணாவாகத் திருப்பி எடுத்தார்கள்.

இனி எல்லைக்கோடு. ராஜாஜி 1937-இல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-இல் ஓமந்தூரார் காலத்தில் அது சென்னை மாகாணம் முழுவதற்கும் வந்தது. நம்மூர் அப்போது வேறு நாடு. வரைபடத்தைப் பார்த்தால் புதுவை ஒரே நிலமாக இராது. துண்டு துண்டாக, நடுநடுவே தென்னார்க்காடு ஜில்லா புகுந்து கிடக்கும். ஒரு வயலில் மதுவிலக்கு, அடுத்த வயலில் கள்ளு. தாகமுள்ளவன் என்ன செய்வான்? வரப்பைத் தாண்டினான். 1954 நவம்பர் 1-இல் கொடி மாறிற்று, 1962-இல் சட்டப்படியும் மாறிற்று. ஆனால் மதுவிலக்கு மட்டும் வரப்பைத் தாண்டி நம் பக்கம் வரவில்லை. முள்ளோடை, கன்னியக்கோயில், கோரிமேடு, மதகடிப்பட்டு என்று வெளியூர் ரோடு ஊரைத் தொடும் இடத்திலெல்லாம் கடைகள் முளைத்தது எதனால் என்று இனிச் சொல்ல வேண்டியதில்லை. அவை உள்ளூர் ஆளுக்காக வைத்தவை அல்ல.

1971-இல் கலைஞர் மதுவிலக்கைத் தளர்த்தினார், 1974-இல் திரும்பக் கொண்டுவந்தார், 1981-இல் எம்.ஜி.ஆர். கடைகளைத் திறந்தார், பிறகு அங்கே சாராயத்தை மூடினார்கள், 2003-இல் டாஸ்மாக் சில்லறை விற்பனையையும் கையில் எடுத்தது. கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கையெழுத்து விழுந்தால் முள்ளோடையில் கூட்டம் ஏறும் அல்லது இறங்கும். 2020 மே மாதம் கொரோனா அடைப்புக்குப் பிறகு கடைகளைத் திறந்தபோது, தமிழ்நாட்டு விலைக்குச் சமமாக வரும்படி நம் அரசு தனி வரி போட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். அந்தப் பக்கத்து ஆட்கள் வராமலிருக்க விலையை ஏற்ற வேண்டியிருந்தது என்றால், இவ்வளவு காலம் அவர்களை வரவழைத்தது என்ன என்பது அதிலேயே இருக்கிறது.

ஆக இரண்டு வகைக் கடை இருந்தது. சங்குக்குப் பிறந்த கடை, கோட்டுக்குப் பிறந்த கடை. முதலாவதில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். அளவு மீறினால் அக்காவே இலையைப் பிடுங்கிக்கொண்டு "போதும், வீட்டுக்குப் போ" என்பார். இரண்டாவதில் யாரும் யாருக்கும் யாரும் இல்லை. பஸ் பிடிக்கும் அவசரத்தில் வாங்கி, நின்றபடி ஊற்றிக்கொண்டு, ரோட்டைக் கடக்கும்போது விழுகிறவனும் உண்டு. நெடுஞ்சாலைக்கு 500 மீட்டருக்குள் கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னபோது எல்லைக் கடைக்காரர்கள் தவித்த தவிப்பே அந்தக் கடைகள் எதை நம்பி இருந்தன என்பதற்குச் சாட்சி.

சங்கு நின்றுவிட்டது. 1986-இல் நம் அரசு மில்லை எடுத்துக்கொண்டது. கொஞ்ச காலம் ஓடிற்று. 2011 டிசம்பர் 30 தானே புயல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. அதன் பிறகு சரியாக எழுந்திருக்கவில்லை. 2020 ஏப்ரல் 30-ஓடு அடியோடு மூடியாயிற்று. மில்லோடு சாக்கனாச் சந்தும் காலியாயிற்று. கோட்டுக்குப் பிறந்த கடைகள் மட்டும் ஏ.சி. போட்டுக்கொண்டு, நிறம் மாறும் விளக்குப் போட்டுக்கொண்டு வளர்ந்திருக்கின்றன. அவற்றைப் பார்த்துவிட்டுத்தான் வெளியூர்க்காரர் பிரெஞ்சுக் கலாசாரம் என்கிறார்.

குமாஸ்தா புத்தி எனக்குப் போகவில்லை. எதையும் கோப்பில் தேடுகிற பழக்கம். சாராயக்கடைகளை வருஷா வருஷம் ஏலம் விடுவார்கள். கடை எந்த இடம், எடுத்தவர் யார், ஏலத்தொகை எவ்வளவு, மாதக் கிஸ்தி எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று எல்லாவற்றுக்கும் தாள் உண்டு. வாசலில் அடுப்பு வைத்திருந்த பெண்களுக்கு ஒரு தாளும் கிடையாது. குத்தகைதாரருக்கு அவர்கள் தரை வாடகை கொடுத்தார்கள், அதற்கும் ரசீது கிடையாது. மில் மூடியபோது தொழிலாளிக்கு நஷ்டஈடு பற்றிப் பேச்சாவது நடந்தது. சங்கை நம்பிப் பிழைத்த இவர்களைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

அவர்களில் ஒருவருடைய மருமகள் இப்போது கடலூர் ரோட்டுப் பக்கம் தள்ளுவண்டி வைத்திருக்கிறார். சாராயக்கடை எதுவும் அருகில் இல்லை. ஆட்டோக்காரர்களும் காலேஜ் பிள்ளைகளும் சாப்பிடுகிறார்கள். இடியாப்பம், முட்டை, போட்டி. காலையில் கழுவ ஆரம்பித்தால் பதினொரு மணி ஆகிவிடுகிறதாம். ஏழு மணிக்கு மேல் போனால் போட்டி கிடைப்பதில்லை.