பூட்டும் பேரேடும்: கருக்காக்குறிச்சி முதல் பாக்தாத் வரை

1898-ஆம் ஆண்டு. அப்போது புதுக்கோட்டை தனி சமஸ்தானம். ஆலங்குடி பக்கம் கருக்காக்குறிச்சியில் மண்ணுக்கடியில் இருந்து ஒரு புதையல் கிடைத்தது. மொத்தம் 501 ரோமானியத் தங்கக் காசுகள்! அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரை பல பேரரசர்களின் முகங்கள். அதிலும் ஒரு விசித்திரம், பெரும்பாலான காசுகளில் மன்னர் முகத்தின் குறுக்கே ஆழமாக ஒரு வெட்டு. "இது இனி நாணயம் இல்லை, வெறும் தங்கம்" என்று காட்டத்தான் வெட்டினார்கள் என்பது ஒரு கருத்து. முடிவான பதில் இன்று வரை இல்லை.

சரி, 501 என்று இவ்வளவு கச்சிதமாக எப்படித் தெரியும்? பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த ஜி.எஃப். ஹில் அதே 1898-இல் இந்தக் காசுகளைப் பற்றி ஒரு நாணயவியல் இதழில் எழுதி வைத்துவிட்டார். வணிகவியல் படிப்பவர்கள் பாஷையில் சொன்னால் ஸ்டாக் ரெஜிஸ்டர். (காசுகளில் ஒரு பகுதி லண்டனிலேயே தங்கிவிட்டது என்பது தனி வருத்தம்.)

பழம்பொருள் பாதுகாப்பு என்றதும் எல்லோருக்கும் பூட்டும் காவலாளியும் கேமராவும்தான் ஞாபகத்துக்கு வருகிறது. ஆனால் பூட்டு உடைந்த பிறகு பொருளைத் திரும்பக் கொண்டு வருவது எது? அதற்குப் பாக்தாத் வரை போய் வர வேண்டும்.

2003 ஏப்ரலில் அமெரிக்கப் படை பாக்தாதுக்குள் நுழைந்தபோது, 10-ஆம் தேதி முதல் 12-ஆம் தேதி வரை ஈராக் தேசிய அருங்காட்சியகம் சூறையாடப்பட்டது. சுமார் 15,000 பொருட்கள் போயின. அதில் ஏறத்தாழ 5,000 உருளை முத்திரைகள். பெருவிரல் அளவுக் கல் உருளைதான், ஈரக் களிமண்ணில் உருட்டினால் படம் விழும். மெசபடோமிய வியாபாரிக்கு அதுதான் கையெழுத்து. சட்டைப் பையில் ஒரு கைப்பிடி முத்திரையைப் போட்டுக்கொண்டு யார் வேண்டுமானாலும் எல்லையைத் தாண்டிவிடலாம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மெசபடோமியாவின் உருக் நகரில் கிடைத்த மிகப் பழைய களிமண் பலகைகளில் இருப்பது பெரும்பாலும் கவிதை இல்லை, கணக்கு! இத்தனை படி பார்லி, இத்தனை ஆடு என்ற வரவு செலவு. உலகுக்குப் பேரேடு எழுதக் கற்றுக் கொடுத்த நாட்டின் சொத்துகளே இப்படிக் கணக்கில்லாமல் போயின.

ஆனால் முழுக்கப் போய்விடவில்லை. காட்சிப் பெட்டிகளில் இருந்த 8,366 பொருட்களை அருங்காட்சியக ஊழியர்களே போருக்கு முன்பு ரகசிய இடத்தில் ஒளித்து வைத்திருந்தார்கள். உருக் நகரத்தின் 5,000 ஆண்டுப் பழமையான வார்கா ஜாடி 2003 ஜூனில் ஒரு கார் டிக்கியில் துண்டு துண்டாகத் திரும்பி வந்தது. அங்கே பதிவான பொருட்களுக்கு அருங்காட்சியக எண் உண்டு. எந்த நாட்டு ஏலத்தில் தலைகாட்டினாலும், "இது எங்களுடையது" என்று ஈராக் கேட்கலாம்.

அதே சமயம் தெற்கு ஈராக்கில் வெறும் வயல்வெளி மேடுகளை இரவோடு இரவாகத் தோண்டி எடுத்தவற்றுக்கு எண்ணும் இல்லை, படமும் இல்லை. திருடனுக்கு அதுதான் வசதி. அமெரிக்காவின் ஹாபி லாபி என்ற கடை நிறுவனம் வாங்கிய களிமண் பலகைகள் 'டைல்ஸ்' என்று பொய்யாக எழுதிய பார்சல்களில் வந்தன. 2017-இல் அந்த நிறுவனம் 30 லட்சம் டாலர் கட்டியதோடு, ஆயிரக்கணக்கான பொருட்களையும் இழந்தது. எத்தனை பெரிய கடத்தலுக்கும் கடைசியில் ஒரு போலி பில் வேண்டியிருக்கிறது பாருங்கள்.

நம் ஊர்க் கதையும் இதேதான். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தன் கோயிலில் இருந்து நடராஜர் சிலை 2006-இல் திருடு போனது. 2008-இல்தான் விஷயமே வெளியே தெரிந்தது! அதாவது இரண்டு வருடம் யாரும் இருப்பைச் சரிபார்க்கவில்லை. அதற்குள் சிலை கடல் தாண்டி, ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து அதை வாங்கியும் ஆகிவிட்டது. 1970 வாக்கிலேயே டெல்லியில் வாங்கப்பட்டது என்று காட்ட போலிக் காகிதங்கள். ஏன் 1970? பழம்பொருட்களை வெளியே கொண்டு போவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1972-இல் வந்தது, அதற்கு முன்பே போய்விட்டதாகக் காட்டினால் கேள்வி இருக்காது.

அந்தக் காகிதத்தைப் பொய்யாக்கியது ஒரு புகைப்படம். பாண்டிச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1994-இல் அதே நடராஜரைக் கோயிலிலேயே வைத்துப் படம் எடுத்திருந்தது. 1970-இல் டெல்லியில் விற்ற சிலை 1994-இல் ஸ்ரீபுரந்தனில் எப்படி நிற்கும்? 2014 செப்டம்பரில் சிலை திரும்பி வந்தது. அதை விற்ற வியாபாரி சுபாஷ் கபூருக்கு, உடையார்பாளையம் கோயில் சிலைகள் தொடர்பான வழக்கில் 2022-இல் கும்பகோணம் நீதிமன்றம் 10 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது.

இப்படிப் பார்த்தால் புதுக்கோட்டை சமஸ்தானம் செய்து வைத்த வேலை சாதாரணமானது இல்லை. திருக்கோகர்ணத்தில் இருக்கும் அருங்காட்சியகம் 1910-இல் தொடங்கியது. 1929-இல் சமஸ்தானத்துக் கல்வெட்டுகள் 1,130-இன் வாசகங்களையும் ஒரே நூலாக அச்சிட்டார்கள். கல் உடைந்தாலும், படிக்கட்டாகப் போனாலும், சுண்ணாம்பு பூசி மறைத்தாலும் அதில் என்ன எழுதியிருந்தது என்பது புத்தகத்தில் இருக்கிறது. நிலம் யாருக்கு, தண்ணீர் யாருக்கு என்ற விவரம் எல்லாம் அதில் உண்டு.

கல்வெட்டுக்கு அப்படி ஒரு நூல் இருக்கிறது. பூஜை நின்றுபோன சிறு கோயிலின் ஐம்பொன் சிலைக்கு, தெளிவான புகைப்படமும் உயரமும் எடையும் குறித்து வைத்த ஒரு பக்கம் இருந்தால்தான் அது வெளிநாட்டு ஏலத்தில் வரும்போது வாதாட முடியும்.

2023-இல் புதுக்கோட்டை அருகே பொற்பனைக்கோட்டையில் தமிழகத் தொல்லியல் துறை அகழாய்வு செய்தபோது தங்கத்தால் ஆன சின்னஞ்சிறு அணிகலன் ஒன்று கிடைத்தது. எடை கால் கிராம் அளவுதான். அடகுக் கடையில் கொடுத்தால் ஒரு மாதச் செலவுக்குக் கூடத் தேறாது. ஆனால் அது பதிவாகிவிட்டது.